வெள்ளிக்கிழமை மட்டும் மணத்த கறுப்பு மூடி

இஞ்ச் டேப்

மொபைல் கவர் விற்கிறவர் இஞ்ச் டேப்போடு வந்து என் கவுண்டரை அளந்தபோது நான் கவுண்டருக்குள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன். "கொஞ்சம் தள்ளிக்குங்க மேடம்" என்றார். தள்ளிக்கொண்டேன். டேப்பின் தகர நாக்கு கண்ணாடிமேல் சரசரவென்று ஓடி, என் டெஸ்டர் பாட்டில்களின் காலில் முட்டி நின்றது. நீளத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு அகலத்துக்கு வந்தார். ஆள் உயிரோடு நிற்கும்போதே சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறார்கள், நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தி.நகரில் நான்கு மாடித் துணிக்கடை அது. தரைத்தளத்தில் படிக்கட்டுக்கும் வளையல் செக்‌ஷனுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேஜை, பின்னால் ஒரு ரேக், நிற்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு முளைத்த ஒரு ஸ்டூல். இதுதான் பெர்ஃப்யூம் கவுண்டர். கோட்டூர்புரத்தில் பஸ் ஏறி இங்கே இறங்கி, டப்பா பவுடர் விற்ற காலத்திலிருந்து பாடி ஸ்ப்ரே காலம் வரை இதற்குள்ளேயே நின்று நரைத்தவள் நான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் கேட்கிறார்கள்: "செல்விக்கா, நீங்க பாத்ததுலயே கஷ்டமான சேல் எது?" விலை உயர்ந்த ஃபாரின் சரக்கைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். இல்லை. ஐநூறு ரூபாய்க்குள் அடங்குகிற இரண்டு சென்ட் பாட்டில்கள். இரண்டில் எது என்று முடிவு பண்ணுவதற்குள் என் கவுண்டரே கையை விட்டுப் போகப் பார்த்தது.

டேப்காரர் போனதும் முதலாளியிடம் போனேன். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருடம் ஆகியும் பேச்சை அங்கேயே விட்டு வைத்திருப்பவர்.

"மனசுல வச்சுக்காத செல்வி" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "துணி எடுக்க வாரவ ஒவ்வொருத்தி கையிலயும் போன் இருக்கு. போனுக்கு ஒரு சட்ட போடணும்னு எல்லாரும் நெனைக்கா. சென்ட் எத்தன பேரு கேக்கா?"

"தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க அண்ணாச்சி."

"குடுத்தா? உன் ரேக்கப் பாத்தா எனக்குத் தல சுத்துது. ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு. அந்தக் கறுப்பு மூடியும் ஊதா மூடியும் என்னத்துக்கு ரெண்டு? ரெண்டும் ஒரே எழவுதான். ஒண்ண வை, ஒண்ணத் திருப்பி அனுப்பு. வைக்கத நெறைய வாங்கி வை. தீபாவளிக்கு ஓடுச்சுன்னா கவுண்டர் உனக்கு. ஓடலன்னா கவர்காரன் வந்துருவான். என்னைய அப்புறம் கொற சொல்லப்பிடாது."

கவர்காரர் வந்தால் என்னை எங்கே போடுவதாக இருந்தார் தெரியுமா? மூன்றாவது மாடி, பேக்கிங். ஜன்னல் இல்லாத அறை, பிளாஸ்டிக் கவரின் வாசனை ஒன்றுதான்.

இரண்டு மூடி

லேபிளில் அச்சடித்திருக்கிற பெயரை எங்கள் லைனில் யாரும் சொல்ல மாட்டோம். பிரெஞ்சு மாதிரி ஒன்று எழுதியிருப்பான், அதை நாங்கள் சொன்னால் கஸ்டமருக்குச் சிரிப்பு வரும், கஸ்டமர் சொன்னால் எங்களுக்கு. மூடியின் நிறம்தான் பெயர்.

கறுப்பு மூடியும் ஊதா மூடியும் ஒரே கேள்விக்குப் பிறந்த இரண்டு பதில்கள். "ஸ்வீட்டா இருக்கணும், ஆனா குழந்தைப் பவுடர் மாதிரி இருக்கக் கூடாது. பூ வாசனை வேணும், ஆனா கோவில் பூ வேணாம். கொஞ்சம் டார்க்கா." இதைத்தான் கேட்பார்கள். அடையாறு ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்பாள், கம்பெனி கேபில் போகிற பெண் கேட்பாள், கல்யாணப் பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய தங்கை வந்து கேட்பாள். ஐநூறு ரூபாயை வைத்துக்கொண்டு இருட்டையும் இனிப்பையும் பூவையும் ஒரே பாட்டிலில் கேட்கிற ஆசை. அந்த ஆசை எனக்குப் பிடிக்கும். அதைக் கேட்கிற விதம்தான் உயிரை வாங்கும்.

ஸ்ட்ரிப் என்று ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு இருக்கிறது. அதில் அடித்து, கொஞ்சம் ஆறவிட்டு, மூக்குக்கு நேரே ஆட்டிப் பார்க்க வேண்டும். யார் கேட்கிறார்கள்? டெஸ்டரைப் பிடுங்கி முந்தானையில் அடிப்பார்கள். அடுத்ததை அதே முந்தானையில் அடிப்பார்கள். மூன்றாவதைப் புருஷன் சட்டையில் அடித்து அவரைக் குனிந்து மோந்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். மூக்கு குழம்பினால் தெளியட்டும் என்று ஒரு கிண்ணத்தில் காபிக்கொட்டை வைத்திருப்பேன். மயிலாப்பூர் அம்மா ஒருத்தர் சென்ட்டை விட்டுவிட்டு அந்தக் கிண்ணத்தையே பத்து நிமிடம் மோந்து, "இது பீபெரியா? எங்கே வறுத்தது? நூறு கிராம் கிடைக்குமா?" என்று கேட்டுப் போனார்.

சரி, அந்த இரண்டும் எப்படி இருந்தன? கறுப்பு மூடி முதல் மூச்சில் ரோஜா. பிறகு மல்லிகை. பிறகு வெனிலா, அதற்கும் கீழே சர்க்கரை. ஊதா மூடியில் சம்பங்கி. சாயங்காலம் தொடுத்த சம்பங்கி இல்லை, மூடிய கூடைக்குள் இரவெல்லாம் கிடந்து தன் சூட்டிலேயே கனத்துப்போன சம்பங்கி. அதற்கு அடியில் கிராம்பும் ஈர மரமும். எனக்கு ஊதாவின்மேல் ஒரு சாய்வு இருந்தது. அதை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"உன் மூக்க நம்பி நான் ஆர்டர் போட முடியாது பாத்துக்க. வாங்குதவகிட்ட கேளு. வெள்ளிக்கெழம கூட்டம் வரும்லா, அன்னைக்கே வை."

வெள்ளிக்கிழமை வோட்டு

இரண்டு சேலைப் பெட்டிகளைத் திறந்து கவுண்டரில் வைத்தேன். வருகிறவர்களிடம் இரண்டு ஸ்ட்ரிப் நீட்டி, பிடித்ததைப் பெட்டிக்குள் போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைக்குள் கூட்டம் திருகிக்கொண்டு நகர்கிறது. ஏசி ஓடுவதால் கதவு சாத்தியே இருக்கும். எல்லோருக்கும் அவசரம், எல்லோருக்கும் கருத்து.

கறுப்புப் பெட்டி நிரம்பி வழிந்தது. ஊதாப் பெட்டியில் அடி தெரிந்தது.

"இதுலதான்க்கா டெப்த் இருக்கு" என்று ஒரு கல்லூரிப் பெண் கறுப்பைக் காட்டினாள். "ஊதா என்னமோ ரப்பர் மாதிரி இருக்கு." அவளோடு வந்தவளும் ரப்பர் என்றாள். நானே இன்னொரு முறை மோந்து பார்த்தேன். வயிற்றெரிச்சல், அவர்கள் சொன்னது சரிதான். ஊதா அன்று வெறும் ரப்பர். கறுப்பு மூடியில் ரோஜாவுக்கு அடியில் ஒரு பாதாளம் திறந்திருந்தது.

அன்று மூன்று முறை வந்தவர் பிருந்தா மேடம். மயிலாப்பூரில் வீடு, அடையாறில் ஒரு ஆபீசில் அக்கவுன்ட்ஸ். முதல் முறை வந்து இரண்டையும் மோந்துவிட்டு "யோசிச்சுட்டு வரேன்" என்று இரண்டாவது மாடிக்குப் போனார். திரும்பி வந்து, "எது ரொம்ப நேரம் நிக்கும்?" என்றார். சொன்னேன். "நீங்க எதைப் போட்டுப்பேள்?" என்றார். சொன்னேன். "அப்ப அது வேண்டாம்" என்று மறுபடி மாடி ஏறினார். மூன்றாவது முறை, பில் போடுகிற பெண்ணைக் கேட்டு, வளையல் கவுண்டரைக் கேட்டு, வாசல் செக்யூரிட்டி ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டு, கடைசியில் கறுப்பு மூடி வாங்கிக்கொண்டார். "என்ன ஒரு கம்பீரம் பாருங்கோ இதுல" என்று தன் மணிக்கட்டைத் தானே மோந்துகொண்டு போனார்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம். கறுப்பு மூடிக்குப் பெரிய ஆர்டர் போட்டார். என் டெஸ்டர் ஒன்றைத் தவிர ஊதா மூடி மொத்தமும் அட்டைப் பெட்டிக்குள் ஏறிப் படிக்கட்டுக்கு அடியில் போனது, ஏஜென்சி வண்டி வந்து எடுத்துக்கொள்ளும்வரை.

டூப்ளிகேட்

செவ்வாய்க்கிழமை மதியம் பிருந்தா மேடம் பாட்டிலைக் கண்ணாடிமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

"இது அன்னிக்கு நீங்க காமிச்ச பாட்டில் இல்லை."

"அதேதான் மேடம். உங்க கண் முன்னாடிதான் சீல் பிரிச்சேன்."

"ஆத்துக்குப் போட்டுண்டு போனா எங்காத்துக்காரர், அடுப்புல என்ன ஹல்வாவான்னு கேக்கறார். ஆபீஸ்ல ஏசி ரூம். பக்கத்து சீட் பொண்ணு, மேடம் உங்க பர்ஸ்ல சாக்லேட் உருகிடுத்துங்கறா. அந்தக் கம்பீரம் எங்கே போச்சு? காமிக்கறது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணா? டூப்ளிகேட்னுதானே அர்த்தம்?"

டூப்ளிகேட். எங்கள் கடையில் அந்தச் சொல்லைச் சொன்னால் மேலே நான்காவது மாடி வரை கேட்கும். கேஷ் கவுண்டரில் அண்ணாச்சி தலையைத் தூக்கிவிட்டார்.

"பிரிச்ச பாட்டில எக்ஸ்சேஞ்ச் பண்ண முடியாதும்மா" என்றார் தூரத்திலிருந்தே.

"வெள்ளிக்கெழமை ஆபீஸ் விட்டதும் வரேன். அதுக்குள்ள விசாரிச்சு வைங்கோ. இல்லைன்னா எங்க ஃப்ளாட் குரூப்ல போட்டுடுவேன், ஆமாம்."

புதன்கிழமை இன்னும் ஒருத்தி. அந்த ரப்பர் சொன்ன கல்லூரிப் பெண். "அக்கா, இது சர்பத்துக்கா." வியாழக்கிழமை ஒரு ஜோடி. ஒவ்வொருவரிடமும் அதே கேள்விக்கு அதே பதில், அதே மரியாதை, அதே பல்லைக் கடித்தல். என் டெஸ்டரை எடுத்து மோந்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பாதாளத்தைக் காணோம். ரோஜா, மல்லி, வெனிலா, ஜீரா. குலாப் ஜாமூன் ஊறிக்கொண்டிருக்கிற பாத்திரத்துக்குள் தலையை விட்டது போல.

ஏஜென்சிக்குப் போன் போட்டேன். ஈக்காட்டுத்தாங்கல் குடோனிலிருந்து சேல்ஸ் ரெப் பைக்கில் வந்தான். பாட்டில் அடியில் இருக்கிற பேட்ச் நம்பரை, வோட்டு எடுத்த டெஸ்டரின் நம்பரோடு வைத்துக் காட்டினான். ஒரே நம்பர். "சத்தியமா ஒரிஜினல்க்கா. உங்க மூக்குல ஏதாவது சளி கிளி..."

அவனை அப்படியே அனுப்பி வைத்தேன். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, டூப்ளிகேட்ங்கற பேச்சு சென்ட்டோட நிக்காது. நாளைக்கு என் பட்டுச் சேலையையும் கேப்பா. எனக்கு உன் கவுண்டர் வேண்டாம்னு இல்ல. இந்தப் பேரு வேண்டாம். நாளைக்கு அந்த அம்மா வந்து கத்திட்டுப் போனான்னா, சனிக்கெழம கவர்காரன் கண்ணாடியத் தூக்கிருவான். சொல்லிட்டேன்."

தீபாவளி வரை கொடுத்த தவணை நாளைக்குச் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் விரல்களை நானே மோந்துகொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

தூபக்கால்

மறுநாள் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கறுப்பு மூடியில் ஒரு ஸ்ட்ரிப், ஊதா மூடியில் ஒரு ஸ்ட்ரிப் அடித்து இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் எத்தனையாவது தடவை அதைச் செய்கிறேன் என்று கேட்காதீர்கள், எனக்கே அலுத்துவிட்டது. கறுப்பு இன்னும் ஜீராதான்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் தூபக்காலோடு வந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவதை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். கேஷ் கவுண்டரில் ஆரம்பித்து, ஒவ்வொரு செக்‌ஷனாக, ஒவ்வொரு ரேக்காக, பனையோலை விசிறியால் புகையைத் துரத்திக்கொண்டே வருவார். சாத்திய கதவுக்குள் அந்தப் புகை போக இடம் இல்லாமல் சேலைகளுக்குள்ளும் எங்கள் தலைமுடிக்குள்ளும் குடியேறும். என் கவுண்டருக்கு வந்தார். மூன்று தடவை சுற்றினார். புகை என் இரண்டு கைகளையும் தடவிக்கொண்டு போனது.

கறுப்பு மூடி கறுத்தது.

என் மூக்குக்கு நேரே, அந்த நிமிடமே. ரோஜாவின் அடியில் தரை விலகியது, மல்லிகை நிழலுக்குள் போனது, சர்க்கரை கருகிக் கருகிக் கம்பீரமாகியது. பிருந்தா மேடம் சொன்ன கம்பீரம். இடது கை ஸ்ட்ரிப்பை மோந்தேன். ஊதா மூடியின் மரமும் கிராம்பும் காணாமல் போயிருந்தன. அறையே புகையாக இருக்கும்போது அதன் சொந்தப் புகை எங்கே தெரியும்? மேலே மிதக்கிற ரப்பர்தான் மிச்சம்.

அடப்பாவி. பாட்டிலில் இல்லாத இருட்டை அண்ணாச்சியின் தூபக்காலிலிருந்து எடுத்து விற்றிருக்கிறோம். மொத்தக் கூட்டத்தையும் சாம்பிராணிக்குள் நிறுத்தி வைத்துவிட்டு வோட்டு எடுத்திருக்கிறோம்.

இரண்டு ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஏழுமலை ஸ்டூலில் இருந்து எழுந்தார்.

"இன்னாக்கா, கடை பத்திகினா மாறி ஓடியார?"

"ஏழுமலை, இந்த ரெண்டையும் மோந்து பாரு. வித்தியாசம் தெரியுதா?"

பொறுமையாக இரண்டையும் மோந்தார். கண்ணை மூடி மறுபடி மோந்தார். "ரெண்டும் சென்ட்டுதான்க்கா" என்றார்.

பரவாயில்லை, எனக்குத் தெரிந்தது. தெருவில் சோளம் சுடுகிற கரிக்கும் ஆட்டோப் புகைக்கும் நடுவில் நின்றேன். அங்கே கறுப்பு வெறும் பாகு. ஊதா மெல்ல மெல்லத் தன் கூடையைத் திறந்தது.

வாசல்

உள்ளே திரும்பினால் பிருந்தா மேடம் வந்துவிட்டிருந்தார். கவுண்டரில் பாட்டில். எதிரே அண்ணாச்சி, கையில் இன்னும் புகைகிற தூபக்கால்.

"காசைத் திருப்பிக் குடுத்துடுங்கோ, நான் பாட்டுக்குப் போயிண்டே இருக்கேன்."

"வெளக்கு வச்ச நேரத்துல காசு வெளிய போகாதும்மா. அதுவும் வெள்ளிக்கெழம."

"டூப்ளிகேட் மட்டும் வெள்ளிக்கெழமை வெளிய போகலாமாக்கும்!"

"மேடம்" என்று நடுவில் புகுந்தேன். "பாட்டில் ஒரிஜினல். நாமதான் சாம்பிராணிக்குள்ள நின்னு மோந்து பாத்துட்டோம். நீங்க அன்னைக்கு மோந்ததுல பாதி சாம்பிராணி வாசனை."

பிருந்தா மேடம் மூக்கை உறிஞ்சினார். யோசித்தார். ஆனால் அண்ணாச்சி என்னை முறைத்தார்.

"சாம்பிராணி வாசனையா? எங்க அடிக்கி?"

அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே புகை ஏறிக்கொண்டிருந்தது. அவர் விளையாடவில்லை. நாற்பது வருடமாக அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவருக்கு அது வாசனையாகவே தெரியவில்லை.

"கொழுத்துத கொஞ்சூண்டு புகைக்கி சென்ட்டு மாறிப் போகுமோ? இப்ப என்ன, சாம்பிராணிய நிறுத்தச் சொல்லுதியா?"

அதை யார் சொல்வது? நான் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து ஊதா மூடி ஒன்றை எடுத்தேன். பிருந்தா மேடத்தின் இடது மணிக்கட்டில் கறுப்பு, வலது மணிக்கட்டில் ஊதா. "மேடம், பனகல் பார்க் வரைக்கும் ஒரு நடை நடந்துட்டு வாங்க. தேய்க்காதீங்க. அங்க போய் மோந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பாட்டிலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி தூபக்காலோடு என் பக்கம் திரும்பினார். பேச்சு நிற்கவில்லை. "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? தி.நகர்ல வாசலத் தாண்டுன கஸ்டமர் திரும்பி வந்து நீ பாத்திருக்கியா? உள்ள வந்தவள ஒக்கார வச்சுக் குடிக்கக் கலர் குடுத்து அமுக்கிப் பிடிக்கதுக்குத்தான நான் இத்தன பேருக்குச் சம்பளம் குடுக்கேன். நீ என்னன்னா கையில சென்ட்ட அடிச்சு வெளிய அனுப்புத! நேரா பஸ் ஏறி, அந்த குரூப்பு என்னமோ சொன்னாளே, அதுல எழுதிட்டுத்தான் எறங்குவா."

அவர் சொன்னது பொய்யில்லை. இந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள் நின்று கையைப் பிடிக்காத குறையாக இழுக்கிறான். வெளியே போகிறவர்கள் வெள்ளத்தில் போட்ட பூ. அதில் ஒரு பூ எதிர்த்து நீந்தி வர வேண்டும், என் கவுண்டர் நிலைக்க.

ஏழுமலை கதவைக் கொஞ்சம் திறந்து தலையை நீட்டினார். "யக்கா, அந்தம்மா எதிர்க்க கடைக்குள்ளாற பூந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து: "வெளிய வந்துச்சு. ஜூஸ் குடிச்சிகினு கீது."

அப்புறம்: "இப்ப ஆளக் காணோம்க்கா."

அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தார். "தம்பி, நாளைக்குக் காலைல வந்து பாரு" என்றார் கவர்காரரிடம். நான் டெஸ்டர்களைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்தவைதான். மூன்றாவது மாடியின் பிளாஸ்டிக் வாசனை இப்போதே தொண்டைக்குள் வந்து உட்கார்ந்தது.

"வந்துகினு கீதுக்கா!" ஏழுமலை கத்தினார். "அந்தம்மா வந்துகினு கீது!"

வந்தார். கொண்டையில் புத்தம் புதிதாக இரண்டு முழம் மல்லிகைப் பூவோடு வந்தார்.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "மேடம்! பூ எதுக்கு மேடம் வெச்சீங்க? இப்ப எதை மோந்தாலும் மல்லிதானே தெரியும்!"

"வெள்ளிக்கெழமை, பார்க் வாசல்ல நன்னா நெருக்கமாத் தொடுத்து வெச்சிருந்தா. பார்த்துண்டு சும்மா வர முடியுமா? நீங்க பூ வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

"கத்தாதேள், கேளுங்கோ" என்றார். இடது கையைத் தூக்கினார். "இது போயே போயிடுத்து. மல்லியோட மல்லியாக் கரைஞ்சுடுத்து, சர்க்கரை மட்டும் பிசுபிசுன்னு இருக்கு." வலது கையைத் தூக்கினார். "இதைப் பாருங்கோ. தலையில இவ்வளவு பூ இருக்கு, அப்பவும் இது தனியாத் தெரியறது. எங்கேயோ அடியிலேர்ந்து வரது. இதைத்தான் நான் அன்னிக்கே கேட்டேன். நீங்கதான் அதைத் தலையில கட்டினேள்."

நான் கட்டினேனா! எதைப் போட்டுப்பேள் என்று கேட்டு, நான் ஊதா என்றதும் அப்ப அது வேண்டாம் என்றது யார்? விழுங்கிக்கொண்டேன். இந்த வேலையில் விழுங்கியதையெல்லாம் கணக்குப் போட்டால் எனக்குத் தனியாக ஒரு வயிறு வேண்டும்.

அண்ணாச்சி இரண்டு ஸ்ட்ரிப்பையும் வாங்கி மோந்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் பிடிவாதமாக.

"அண்ணாச்சி, நீங்களும் வெளிய போய் மோந்து பாருங்க."

"வெளக்கு வச்சப்புறம் நான் படி எறங்குனதில்ல."

"பாக்காம முடிவு பண்ணாதீங்க. என் கவுண்டர் போகுது அண்ணாச்சி."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தூபக்காலை என் கையில் கொடுத்தார். அதை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. செருப்பு இல்லாமலே படி இறங்கிப் போனார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். இடித்துக்கொண்டு போகிற கூட்டத்தின் நடுவில், கையில் இரண்டு காகிதத் துண்டோடு, ஒரு பெரிய மனிதர் மாறி மாறி மோந்துகொண்டிருந்தார். கட்டைப் பை வைத்திருந்த ஒரு பெண் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். யாரோ ஒருவர் துணுக்குற்றுத் திரும்பிப் பார்த்தார். அவர் கவனிக்கவில்லை. வெகுநேரம் நின்றார்.

பிறகு திரும்பி வந்து, கதவைத் தள்ளி, ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. அண்ணாந்து பார்த்தார். சேலை ரேக்குகளைப் பார்த்தார். என் கையில் புகைந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

"செல்வி" என்றார், குரல் இறங்கி. "நம்ம கட இப்பிடியா மணக்கு?"

தலையாட்டினேன். பிருந்தா மேடமும்.

"இவ்ளோ வருசமா எனக்குத் தெரியலையே, பாத்தியா. ஏ, ஒருத்தராவது சொல்லப்பிடாதா?" இன்னொரு மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தூபக்காலை வாங்கிக்கொண்டார். "கறுப்பு மூடியத் திருப்பி அனுப்பு. அந்த அம்மாவுக்கு ஊதாவக் குடு. பாட்டிலுக்குப் பாட்டில், காசு வெளிய போகாது." கவர்காரருக்குப் போன் போட்டு, "எடம் இல்ல தம்பி, நாளைக்கு வராத" என்றார். காரணம் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வது?

அதற்குப் பிறகு

ஊதா மூடி அந்தத் தீபாவளிக்கு ஓடியது. கவுண்டர் இன்னும் படிக்கட்டுக்கும் வளையலுக்கும் நடுவிலேயே இருக்கிறது. சாம்பிராணி நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம். வாங்குகிற ஒவ்வொருவரையும் மணிக்கட்டில் ஒரு சொட்டோடு தெருவுக்கு அனுப்புவதுதான் இப்போது என் முறை. எல்லோரும் திரும்பி வருவதில்லை. எதிர்க்கடைக்காரன் இழுத்துக்கொள்கிறான், பஸ் வந்துவிடுகிறது, பானிபூரி மணக்கிறது. போகிறவர்களைப் பார்த்து அண்ணாச்சி பெருமூச்சு விடுகிறார், ஆனால் தடுப்பதில்லை. திரும்பி வந்து வாங்கியவர்களில் ஒருத்தர்கூட இதுவரை பாட்டிலைக் கொண்டுவந்து கண்ணாடிமேல் வைக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கஸ்டமரின் மூக்கோடு சண்டை போடாதீர்கள், அது சொல்வது எப்போதும் நிஜம். ஆனால் அது எந்த இடத்தில் நின்று சொல்கிறது என்று பாருங்கள். சென்ட் உங்கள் கவுண்டரில் வாழப் போவதில்லை. அவர்கள் ஆபீசில், அவர்கள் பஸ்ஸில், அவர்கள் புருஷன் பக்கத்தில் வாழப் போகிறது. அங்கே எப்படி இருக்கும் என்று காட்டாமல் விற்றது, விற்றதாகாது.

போன மாதம் பிருந்தா மேடம் வந்தார். பாட்டில் தீர்ந்துவிட்டதாம். இன்னொன்று எடுத்து வைத்தேன். கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நன்னாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இதுலயே கொஞ்சம் டார்க் கம்மியா, ஸ்வீட் ஜாஸ்தியா ஏதாவது இருக்கோ?"

அவருடைய இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, கைக்கொரு வாசனையாகச் சொட்டு வைத்து, வாசலைக் காட்டினேன்.